கடைசிப் பாரம்

"சார், உங்க கொலைகாரி என் கோழிப்பண்ணையில இருக்காங்க."

போனில் பேசியவர் நிதானமாகத்தான் பேசினார். எழுத்தாளருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யார் பேசறது?"

"நான் மாட்டாஸ்பத்திரியில இருந்து ரிட்டயர் ஆனவன். 'கூண்டு முதல் முட்டை வரை'ன்னு சொந்தமா ஒரு புத்தகம் போட்டிருக்கேன். உங்க நாவலைப் போட்ட அதே அச்சகம்தான். போன வாரம்தான் வெளியிட்டேன். கடைசிப் பதினாறு பக்கத்துல கோழிக்கு வர்ற நோய் இருக்கணும். அங்க ஒரு இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சுப் பேசிட்டிருக்கார்."

எழுத்தாளர் அலமாரியிலிருந்து தன் நாவலை எடுத்தார். 'பூட்டிய அறையில் ஒரு பெருமூச்சு.' புத்தகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. அட்டையையும் சமர்ப்பணப் பக்கத்தையும் தவிர வேறு எதையும் அவர் திறந்து பார்த்ததில்லை. எழுதியவருக்குத் தெரியாதது உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது?

இருநூற்று இருபத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரி: 'இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இந்தக் கொலையைச் செய்தவர்...'

இருநூற்று இருபத்தைந்தாம் பக்கத்தின் முதல் வரி: 'கழிச்சல் கண்ட கோழியை உடனே தனியே பிரித்து அடைக்க வேண்டும்.'

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? வாங்குனவங்க சொன்னாங்க. ஒரு வாரத்துல பதினோரு பேர் போன் பண்ணிட்டாங்க. கோழி வளக்கறவன் கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பான் சார், இல்லேன்னா கோழி செத்துடும்ல. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் எல்லோரும் சொன்னார்கள். "முடிவு பிரமாதம்" என்று சொன்னார்கள். மைத்துனன் சொன்னான், அலுவலக மேலாளர் சொன்னார், எதிர்வீட்டுக்காரர் படியில் நிறுத்திவைத்துச் சொன்னார். முதன்முதலில் சொன்னவள் மனைவி.

குடிநீர் வாரியத்தில் அவர் எழுத்தர். எழுத்தருக்கும் எழுத்தாளருக்கும் ஓர் எழுத்துதான் கூடுதல். அதைத் தாண்ட அவருக்கு இருபத்தாறு வருஷம் பிடித்தது. பதிப்பாளர்கள் எல்லோரும் கையை விரித்த பிறகு சொந்தமாக முந்நூறு பிரதி அச்சிட்டு, நாற்பதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருந்தார். மீதி கட்டிலுக்கு அடியில் இருந்தன. விற்கவில்லை என்ற வருத்தம்கூட அவருக்குப் பெரிதாக இல்லை. கொன்றது சமையல்காரி. முப்பது வருஷம் அந்தப் பெரிய வீட்டுக்கு உழைத்தவள், யாரும் சந்தேகப்படாதவள். அதைப் படித்துவிட்டு ஒரே ஓர் ஆள் "அடடா" என்றால் போதும், ஜென்மம் சாபல்யம் என்று இருந்தார். அந்த "அடடா" நாற்பது பேரிடமிருந்து வந்துவிட்டது என்றுதான் மூன்று மாதமாகச் சற்று நிமிர்ந்தே நடந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் அவருடைய நாவலுக்குக் கூட்டம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பேச ஒப்புக்கொண்டிருந்தார். அன்று புதன்கிழமை.

அச்சகத்துக்கு ஓடினார். தன் காசில் புத்தகம் போடுகிறவர்களை நம்பியே நடக்கிற அச்சகம் அது. வாசலிலேயே 'நானும் என் பாலங்களும்' என்று ஒரு பொறியாளரின் தன்வரலாறும், 'மூட்டுவலிக் கவிதைகள்' என்று ஒரு தொகுப்பும் எடுத்துப் போக ஆளில்லாமல் கட்டுக்கட்டாக இருந்தன.

"பாரம் மாறியிருக்கு சார்," என்றார் முதலாளி, ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்பதுபோல. "ஒரு பாரம் பதினாறு பக்கம். உங்களுதும் பதினஞ்சு பாரம், கோழியும் பதினஞ்சு பாரம். ஒரே நாள்ல பைண்டிங் போச்சு. உங்க கடைசிப் பாரம் அங்க போயிருச்சு, அவரோடது இங்க வந்துருச்சு. ஆனா ஒண்ணு, இந்தம்மா இருபது வருஷமா பாரம் அடுக்கறாங்க. ஒரு தாள் மாத்தினதில்லை."

மூலையில் தரையில் அமர்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்த பெண்மணி தலை நிமிரவில்லை. கையிலிருந்த மூங்கில் பட்டையால் மடிப்பை அழுத்தி இழுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். எழுத்தாளருக்கு அவளை ஞாபகம் இருந்தது. பைண்டிங் நடந்தபோது அவரிடம் வந்து, "ஐயா, ஒரு சந்தேகம்" என்றவள். அவர் அப்போது அட்டையின் சிவப்பு இரத்தச் சிவப்பா, செங்கல் சிவப்பா என்று முதலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "சந்தேகமெல்லாம் உங்க முதலாளிகிட்டக் கேளும்மா" என்று அனுப்பிவிட்டார்.

"ஏம்மா, கண்ணை எங்கம்மா வெச்சிருந்தே?" என்றார் இப்போது.

அவள் மடித்த தாளை அடுக்கின் மேல் வைத்தாள்.

"விடுங்க சார். நாற்பது பிரதி சரியாக் கட்டி, ஞாயித்துக்கிழமை காலையில நேரா மண்டபத்துக்கே அனுப்பிடறேன். பழசை மட்டும் நீங்க வாங்கிருங்க."

பழசை வாங்குவது அவ்வளவு சுலபமா? உண்மையைச் சொன்னால், முடிவைப் புகழ்ந்தவர்களின் முகத்தில் அடித்ததுபோல் ஆகும். அட்டை வண்ணம் சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று சொல்வதாகத் தீர்மானித்தார். முதலில் மைத்துனன்.

"கலர் நல்லாத்தானே மாமா இருந்துச்சு? எதுக்கு உங்களுக்கு அலைச்சல்?"

"பரவாயில்ல மாப்ளே, எடு."

"அது வந்து... எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டயர் ஆனார் மாமா. உங்க புத்தகத்தைத்தான் பரிசா கொடுத்தேன். நம்ம மாமா எழுதினதுன்னு பெருமையா சொல்லிக் கொடுத்தேன்."

"எப்போ கொடுத்தே?"

"நீங்க கொடுத்த அன்னிக்கு சாயங்காலமே."

முடிவு பிரமாதம் என்று அவன் சொன்னது அதற்கு மறுநாள். எழுத்தாளர் படியிறங்கினார்.

எதிர்வீட்டுக்காரர் கொடுக்க மாட்டேன் என்றார். தப்பாக அச்சான புத்தகத்துக்குப் பின்னாளில் மதிப்பு அதிகம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாராம். என்ன தப்பு என்று கேட்டதற்கு, "அதை நீங்கதானே சொன்னீங்க, அட்டைன்னு" என்றார்.

மேலாளர் மேஜை இழுப்பறையிலிருந்து உடனே எடுத்துக் கொடுத்தார். "நாலு தடவை படிச்சுட்டேன்யா," என்றார். நாலு தடவை படித்த புத்தகத்தில், எழுபதுகளில் வரும் பக்கங்கள் மேல் விளிம்பில் வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தி வைக்காமல் அவற்றைத் திறக்கவே முடியாது. எழுத்தாளர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேலை கொடுக்கிறவரை என்ன கேட்பது?

நாற்பதில் வீடு வந்து சேர்ந்தவை முப்பத்தொன்று. ஒன்றில்கூட ஒரு விரல் கறை, ஒரு மடிப்பு, ஒரு பென்சில் கோடு இல்லை. கடையிலிருந்து வந்த நோட்டுப் புத்தகம்கூடக் கொஞ்சம் கசங்கியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அவற்றைக் கூடத்தில் அடுக்கிவிட்டு, மனைவியின் பிரதியைத் தேடினார். அது தையல் மெஷின் மேல் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு மருந்துச் சீட்டு அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

"முடிவு எதிர்பார்க்கவே இல்லைன்னு சொன்னியே," என்றார்.

மனைவி துணியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நீங்க என் முகத்தையே பாத்துட்டு நின்னீங்க. வேற என்னத்தைச் சொல்றது?"

"படிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஒரு மாசம் பேசியிருக்க மாட்டீங்க."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் வலித்தது. அன்று அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அதில் பதினான்கு பேர் சொந்தக்காரர்கள். பழுப்புத் தாளில் சுற்றிய கட்டு அச்சகத்திலிருந்து சரியாக வந்திருந்தது. வாசலில் அதைப் பிரித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தாகிவிட்டது.

பேராசிரியர் எழுந்தார். நாவலின் சமூகப் பின்னணியைப் பற்றி இருபது நிமிடம், நாவல் என்ற வடிவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். "இறுதியாக, யாரும் எதிர்பாராத அந்த முடிவு. அதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. நீங்கள் எல்லோரும் படித்தவர்கள்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மைத்துனன் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலில்தான் எழுத்தாளருக்குப் பொறுமை போயிற்று. எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டார்.

"மன்னிக்கணும். நான் உங்களுக்கு முதல்ல கொடுத்த புத்தகத்துல முடிவே இல்லை. கடைசிப் பதினாறு பக்கம் கோழி வளர்ப்பு. மூணு மாசமா ஒருத்தருக்கும் அது தெரியலை."

யாரோ இருமினார்கள். மனைவி குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப உங்க கையில இருக்கறது சரியான பிரதி. ஐயா, நீங்களே அந்தக் கடைசி அத்தியாயத்தை ஒரு தடவை வாசிச்சிடுங்க. இத்தனை பேர்ல ஒருத்தர் காதுலயாவது விழட்டும்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புதிய பிரதியின் இருநூற்று இருபத்தைந்தாம் பக்கத்தைத் திறந்தார். கம்பீரமான குரலில் வாசித்தார்.

"கழிச்சல் கண்ட கோழியை உடனே தனியே பிரித்து அடைக்க வேண்டும்."

எழுத்தாளர் பழுப்புத்தாள் கட்டுக்குள்ளிருந்து இன்னொரு பிரதியை எடுத்தார். கோழி. இன்னொன்று. அதிலும் கோழி. நாற்பதிலும் கோழிதான்.

பேராசிரியர் மேடை பல கண்டவர். ஒரு கணம்தான் தடுமாறினார். "பார்த்தீர்களா?" என்றார். "நோய் கண்டதைப் பிரித்து அடைப்பது. ஒரு குடும்பத்தைப் பற்றி இதைவிட நன்றாக யாரால் எழுதிவிட முடியும்? முடிவே இல்லை என்று ஆசிரியர் சொன்னாரே, அதுவும் இந்தப் படைப்பின் ஒரு பகுதிதான்."

கைதட்டல் வெகு நேரம் நீடித்தது. இருபத்தாறு வருஷத்தில் அவருடைய எழுத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அதுவும் மாட்டாஸ்பத்திரிக்காரருடைய வாக்கியத்துக்குக் கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனார். தோளில் அதே பை. உள்ளே மேலாளர் நாலு தடவை படித்த பிரதி. முதலாளி வெளியே போயிருந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று என்று எழுத்தாளர் நினைத்தார். யாரையாவது திட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மைத்துனனைத் திட்ட முடியாது, மேலாளரைத் திட்ட முடியாது, மனைவியைத் திட்டினால் அவள் சொல்வது நியாயமாக இருக்கும்.

"ஒரு தடவை மாறினா கைத்தவறுன்னு விடலாம்," என்று ஆரம்பித்தார். "ரெண்டாவது தடவையும் மாறுமா? எழுதப் படிக்கத் தெரியாட்டா இந்த வேலைக்கு எதுக்கும்மா வரணும்? இருபத்தாறு வருஷம். உனக்கென்ன தெரியும்? ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது."

பைக்குள்ளிருந்த பிரதியை எடுத்து அவள் முன்னால் போட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்மணி அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து, தேடாமல், ஒட்டியிருந்த பக்கங்களுக்கு நேராகத் திறந்தாள். மூங்கில் பட்டையை உள்ளே விட்டு மேல் விளிம்பைக் கீறிப் பிரித்தாள்.

"கை தவறலைங்க ஐயா. நான்தான் மாத்தி வெச்சேன், ரெண்டு தடவையும். பதினஞ்சு பாரம் இல்லாம தைச்சா புத்தகத்தோட முதுகு நிக்காது. பக்கத்துல கோழிதான் கிடந்துச்சு. கோழிக்காரர்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

அவள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, எழுபத்து நான்காம் பக்கத்தின் நடுவில் விரல் வைத்தாள்.

"கொலை நடந்த அன்னிக்கு அந்தச் சமையக்காரம்மா மகளோட பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாங்கன்னு இங்க நீங்களே எழுதியிருக்கீங்க. ஊர்லயே இல்லாதவங்களைக் கடைசியில பிடிச்சு ஜெயில்ல போடறீங்களே, படிச்சவங்க ஒருத்தர்கூடவா ஐயா கேக்கலை?"