சைப்ரஸில் ஒரு மதியச் சாப்பாடு

ஓர் ஊரை ரொம்பவும் நேசிப்பவன் அங்கே யாரிடமும் எதையும் விசாரிக்க மாட்டான். எல்லாம் தனக்கே தெரியும் என்று நினைப்பான். நான் சைப்ரஸ் தீவை அப்படித்தான் நேசித்தேன்.

எனக்கு வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஆகஸ்ட் மாதம் அங்கே எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும் (ஹீட்டரை அணைத்துப் பல மாதம் ஆகியிருக்கும்). அதனால் வருஷா வருஷம் லீவில் முதல் பத்து நாள் குடும்பத்தோடு சைப்ரஸ், மீதி நாள் திருநெல்வேலி. மகள் யாழினி நீச்சல் கற்றது அந்தக் கடலில்தான். மனைவி கலா போனை அறையிலேயே வைத்துவிட்டு வெளியே கிளம்புவது அந்த ஊரில் மட்டும்தான். நாலாவது வருஷம் நான் அதை ‘நம்ம ஊர்’ என்றே சொல்ல ஆரம்பித்தேன். திருநெல்வேலியைச் சொல்கிறேன் என்று நினைத்து மாமியார் ஒருமுறை சந்தோஷப்பட்டுவிட்டார்.

ஐந்தாவது வருஷம் கலாவின் தம்பி முருகேசனையும் கூட்டிப் போனேன். அவனும் வளைகுடாவில்தான், சோஹார் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். நேராக ஊருக்குப் போக இருந்தவனை, “அங்க ஒவ்வொரு சந்தும் எனக்கு அத்துப்படிடா” என்று சொல்லி இழுத்து வந்திருந்தேன். விசாவுக்கு அலைந்த கடுப்பு அவன் முகத்தில் அப்படியே இருந்தது. எப்படியாவது அவனை அசத்தியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மலைப்பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். தேவாலயத்தை ஒட்டி ஒரு முற்றம். மேலே திராட்சைப் பந்தல், கீழே நீள நீளமாக மேசைகள், உள்ளூர்க் கூட்டம்.

“டூரிஸ்ட் சாப்பிடுற இடத்துல சாப்பிடவே கூடாது. வா” என்று முருகேசன் தோளைத் தட்டினேன்.

“போர்டு எதுவும் இல்லையே அத்தான்?”

“நல்ல ஹோட்டலுக்கு எதுக்குடா போர்டு?”

“ஏங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காரலாமே” என்றாள் கலா. நான் அதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்புச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் எங்களையே பார்த்தபடி நின்றார். (சர்வர்கள் எல்லோருக்கும் கறுப்பு யூனிஃபார்ம். நல்ல நிர்வாகம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.) மெனு கேட்டேன். விழித்தார். பிறகு ரொட்டி, ஆலிவ், மீன் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். எலுமிச்சம்பழத்துக்காக அவரை இரண்டு முறை விரட்டினேன். தண்ணீர் வைத்த கறுப்பு உடை அம்மாளிடம் இன்னும் குளிர்ச்சியாக வேண்டும் என்று ஜாடை காட்டினேன். கடைசியில் ஒரு கிண்ணம் வந்தது. அவித்த கோதுமையில் சர்க்கரை, பாதாம், மாதுளை முத்துகள்.

“நம்ம ஊர்ச் சுண்டல் கெட்டுது போ!” என்று சொல்லி, இளைஞரிடம் ஒரு பார்சலும் கேட்டேன்.

முருகேசன் குரலைத் தாழ்த்தினான். “அத்தான், அந்த மூலைல ஒரு போட்டோவும் மெழுகுவர்த்தியும் இருக்கு.”

“ஓனரா இருக்கும்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். இளைஞரைக் கூப்பிட்டு, சாப்பாடு பிரமாதம், உங்கள் ஓனரை நேரில் பாராட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இது என் அப்பாவோட இடம்” என்றார் அவர்.

“அப்படியா? அவரைக் கூப்பிடுங்களேன்!”

அவர் அந்தப் போட்டோவைக் காட்டினார். “இன்னைக்கு நாற்பதாவது நாள். அதுக்குத்தான் இந்தச் சாப்பாடு.”

என் வாய் நிறையக் கோதுமை. முருகேசன் தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கலா என்னைப் பார்க்கவே இல்லை. அது பார்ப்பதைவிட மோசம். நான் எழுந்து, தண்ணீர் வைத்த அம்மாளிடம் ஓடினேன். இறந்தவரின் மனைவி அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஆறு கிரேக்க வார்த்தைகளில் ‘மன்னியுங்கள்’ இல்லை. பதற்றத்தில் வாயில் வந்தது ‘எஃப்ஹரிஸ்தோ’. நன்றி என்று அர்த்தம். அதை மூன்று முறை சொன்னேன்.

அந்த அம்மாள் குழம்பிப்போய் மகனைப் பார்த்தார். மகன் விளக்கினார். ஹோட்டல், மெனு, பார்சல், ஓனர் எல்லாவற்றையும். அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முற்றமே திரும்பி அவரைப் பார்த்தது.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இங்க ஒரு ஹோட்டல் வைக்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. இந்தக் கிராமத்துக்கு யார் வந்து சாப்பிடப் போறாங்கன்னு அம்மா கடைசி வரைக்கும் விடல.”

பார்சல் வந்தது, இரண்டாக.

இப்போது வருஷா வருஷம் எங்கள் முதல் மதியச் சாப்பாடு அந்த முற்றத்தில்தான். அந்த அம்மாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாடிக்கையாளர் என்றுதான் ஊராருக்கு அறிமுகப்படுத்துகிறார்.

ருவைஸ் வீட்டில் மரியாதை அதைவிடக் குறைவு. சாம்பாரில் உப்பு கம்மி என்று நான் வாயைத் திறந்தால் போதும், “அப்பா, ஓனரைக் கூப்பிடட்டுமா?” என்கிறாள் யாழினி.

அடுப்படியிலிருந்து கலாவின் குரல் வரும்: “ஓனர் இங்க இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு சொல்லு.”