வெள்ளிக்கிழமை மீன்

ஓர்லிகோன், சூரிச்
கார்த்திகை 1986

பெற்ற தாய்க்குச் சமமான அக்கா புனிதவதி அவர்களுக்கு,

தம்பி நித்தியானந்தன் பணிவுடன் எழுதுவது. நானும் மகள் சுகந்தியும் இங்கே குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தானும் ஷெல் சத்தமில்லாமல் சாப்பிட்டு நித்திரை கொள்ள இணுவில் கந்தசுவாமியார் துணையிருக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி, மிச்சமெல்லாம் ஏச்சு. ஏச்சில் நியாயம் உண்டு. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்து என்னிடம் அனுப்பியவர் நீங்கள். அந்தப் பிள்ளை இந்தக் கன்னியாஸ்திரிகளின் விடுதியிலிருந்து, "வெள்ளிக்கிழமைகளில் சிஸ்டர்மார் என்னைத்தான் மற்றப் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுகிறார்கள்" என்று எழுதினால் உங்களுக்கு நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். "பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு விட்டிட்டியோ? மாறிட்டாளோ எண்டு அவளையே நேர கேள். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அங்கையிருந்து எடுத்து ஜெனீவாவில என்ர மகள் கலாவதி வீட்டில விடு. இல்லாட்டி எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை" என்று முடித்துவிட்டீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன்.

நான் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். வேலை முடிந்து வரும்போது ஊரே உறங்கிவிடும். அறையில் என்னோடு, கூட வேலை செய்யும் யோகராஜாவும் இன்னும் இரண்டு பெடியங்களும். வளர்ந்த பெண்பிள்ளையை அதற்குள் எப்படி வைத்திருப்பது? எங்கள் பகுதிப் பாதர்தான் இரங்கி லூசேர்ன் பக்கத்து மலையில் இந்த விடுதிப் பள்ளியில் இடம் எடுத்துத் தந்தார். அங்கே எல்லாம் மணிதான். எழும்ப ஒரு மணி, கோயிலுக்கு ஒரு மணி, சாப்பிட ஒரு மணி. காலைச் சாப்பாட்டில் கதைக்கக்கூடாது. ஒரு பிள்ளை எழுந்து நின்று யாரோ ஒரு புனிதர் பட்ட பாட்டை வாசிக்க, மற்றவர்கள் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே கேட்க வேண்டும். பின்னேரம் படிப்பு மண்டபம். ஒரு சிஸ்டர் உயரத்தில் அமர்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். அவர் கை நின்றால் எவளோ வாய் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். சுகந்தி அங்கேதான் லத்தீன் படிக்கிறாள். ஒருவரும் கதைக்காத பாஷையை ஒருவரும் கதைக்கக்கூடாத மண்டபத்தில் படிப்பது வசதிதான் என்று எனக்கு எழுதியிருந்தாள். வாய் உங்களுடையது, அக்கா.

அந்த மணிகளுக்கு நானும் இங்கிருந்தே பழகிவிட்டேன். கோப்பை கழுவிக்கொண்டே, இப்போது பிள்ளை படிப்பு மண்டபத்தில் என்று நினைப்பேன். நினைத்தால் எனக்கும் வாய் வராது. பக்கத்தில் நிற்கும் யோகராஜா, "அண்ணைக்குக் காது அடைச்சுப்போச்சோ?" என்பான். அவள் கதைக்காத நேரம் நானும் கதைக்காமல் இருந்தால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. வேறு என்ன சொல்ல.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பிள்ளையைச் சேர்த்த அன்று உணவகக் குசினியில் பழகிய அரைகுறை ஜேர்மனில் சிஸ்டர் கிளாராவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை இவளுக்கு இறைச்சி வேண்டாம். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "இந்த ஊர்ப் பிள்ளையளே இதை மறந்திட்டினம்" என்றார். நமது விரதத்தின் பெருமை இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று நானும் கலங்கினேன். வேதக்காரரான இந்தக் கத்தோலிக்கரும் வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதும், மீன் அவர்கள் கணக்கில் இறைச்சியே இல்லை என்பதும் அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலையோடும் வாலோடும் மீன் வந்தது. சுகந்தி மரியாதையாகத் தள்ளிவைத்துவிட்டுப் பாணையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டாள். இந்தச் சின்னப் பிள்ளையின் கட்டுப்பாட்டைப் பாருங்கள் என்று சிஸ்டர் கிளாரா சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோருக்கும் சொன்னாராம். அடுத்த வெள்ளி பக்கத்துப் பிள்ளையும் தள்ளினாள். பிறகு முழு மேசையும். யாருக்குக் கட்டுப்பாடு கூட என்று போட்டி. சமையல் சிஸ்டருக்குக் கோபம் உச்சியில் ஏறி, கடைசியில் தலைமைச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளையை நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்து யோகராஜாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

"வளர்ற பிள்ளை. மீனாவது சாப்பிடக்கூடாதோ?" என்று கேட்டார் தலைமைச் சிஸ்டர்.

"எங்களுக்கு மீனும் ஆகாது, சிஸ்டர்."

"முட்டை?"

"முட்டையும் இல்லை."

"உங்கட ஆக்கள் அவ்வளவு கடுமையோ?"

அவர் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. என்னை ஏதோ பெரிய வேதக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் சைவ சமயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இடம் போய்விடுமோ, பாதருக்கும் அவமானமோ என்று பயம் பிடித்தது. "ஓம் சிஸ்டர், கொஞ்சம் கடுமைதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. பொய்யில் நிற்கிற படிப்பு பிள்ளைக்கு வேண்டாம். வரும் சனிக்கிழமை போய் அவளைக் கூட்டிவந்து கலாவதி வீட்டில் விடுகிறேன். அங்கே பிரெஞ்சு. கஷ்டப்பட்டுப் படித்த ஜேர்மனைத் தலைமுழுகிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கட்டும். எது போனாலும் நித்தி வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் போகவில்லை என்று நீங்கள் ஊரில் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம். உங்கள் வாயால் எங்கள் இருவரையும் ஒருமுறை வாழ்த்திவிடுங்கள், ஏச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
நித்தியானந்தன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. வெறும் சூட்கேஸோடு போனேன். படிப்பு நேரம். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவால் சுகந்தி என்னையும் பார்த்தாள், சூட்கேஸையும் பார்த்தாள், திரும்பப் புத்தகத்தைப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை அல்லவா.

பக்கத்தில் வந்து அமர்ந்த சிஸ்டர் கிளாராவிடம் உண்மையைக் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார். "உங்கட மகள் முதல் வெள்ளியே சொல்லிப்போட்டா, தான் சைவம், இது தங்கட விரதம் எண்டு. ஆரும் சொல்லாமலே தன்ர விரதத்தை விடாமப் பிடிக்கிறா எண்டுதான் மற்றப் பிள்ளையளுக்குச் சொன்னனான். எங்கள் எல்லாருக்கும் தெரியும்." ஆக, அந்த மலையில் அதை ஒளித்துத் திரிந்தவன் நான் ஒருவன்தான்.

மணி அடித்தது. பிள்ளை வந்தாள். நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"பிள்ளை, நீ மாறிட்டியோ?"

"இல்லையப்பா. மீன் வரேக்கை எனக்கும் பசிக்கும். அப்பாவும் இப்ப அங்கை மரக்கறியோடதான் இருப்பார் எண்டு நினைப்பன். பிறகு கஷ்டமாயிருக்காது."

அக்கா, எங்கள் உணவகத்தில் வெள்ளிக்கிழமை வேலையாட்களுக்குச் சொசேஜ், இறைச்சிதான். வந்த நாள் முதல் நான் அதைத்தான் சாப்பிடுகிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் சூட்கேஸின் பூட்டைப் பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டிருந்தேன்.

வெறும் சூட்கேஸோடே திரும்பி வந்துவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். சுகந்தி அங்கேயே படிப்பாள். மாறியது பிள்ளையில்லை, நான். ஏசுவதானால் என்னை ஏசுங்கள். இன்று அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. பாணும் பருப்பும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். என் சொசேஜை யோகராஜாவுக்குத் தருவதாகச் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம்.