புட்டுக்கு அடியில் கயிறு

கயிறு பானைக்குள் அடங்க மறுத்தது.

விவேகானந்தன் ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழும்பி நின்றது. நல்ல நீல நிறம், நடுவில் மஞ்சள் புள்ளிகள். சுவிஸில் இருந்து விமானம் ஏறி வந்த கயிறு. அதற்கும் ஒரு மிடுக்கு இருக்காதா?

"அத்தான், அதை ஏன் பானைக்குள்ளை போட்டு நசுக்கிறியள்? என்ரை பாக்கிலையே இருக்கட்டுமே," என்றான் மைத்துனன் பாலேந்திரன்.

"நீ பேசாமல் இரு. சுவிஸிலை கயிறு வெறும் கயிறுதான். இஞ்சை அப்பிடியில்லை."

அவர் சொன்னதில் பிழையில்லை. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் கையில் கயிறு இருந்தால், கூடவே ஒரு மாடும் இருக்க வேண்டிய காலம். மாடில்லாத கயிற்றுக்கு ஆயிரம் கேள்வி வரும்.

விவேகானந்தன் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர். மனைவி மங்களேஸ்வரி கணக்கு டீச்சர். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. பாலேந்திரன் அவளுடைய ஒரே தம்பி, லீவில் வந்திருந்தான். வயது இருபத்தெட்டு. அந்த வயதுதான் விவேகானந்தனைப் பயமுறுத்தியது. போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் அதே வயதுப் பெடியன் ஒருவனைச் சின்ன விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். தாய்க்காரி இன்னும் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வந்தவன் அக்காவின் கையால் நண்டுக்கறி தின்றுவிட்டு, பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம்தானே? மாட்டானாம். திகனவுக்கு அப்பால் மலைக்குள்ளே இருக்கும் நீர்வீழ்ச்சியின் உச்சியில் கயிற்றைக் கட்டி, தண்ணீரோடு தண்ணீராகக் கீழே இறங்க வேண்டுமாம். சுவிஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் அவனுக்குப் பொழுதுபோக்காம்.

"மேலையிருந்து விழுறதுக்கு ஏனடா இவ்வளவு சாமான்?" என்று கேட்டார் விவேகானந்தன்.

"தம்பி ஆசைப்பட்டுக் கேக்கிறான். போட்டு வருவம்," என்றாள் மங்களேஸ்வரி. அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆகவேதான் இந்தப் பானை. ஆமிக்காரன் பெட்டியைக் கிளறுவான், படுக்கையைக் கிளறுவான், சாப்பாட்டை மட்டும் கிளறமாட்டான் என்பது விவேகானந்தன் பல வருட பஸ் பயணத்தில் கண்ட உண்மை. நீலக்கயிற்றையும் அதற்குத் துணையான சிவப்புக் கயிற்றையும் ஒருவாறு அமுக்கி, மேலே வாழையிலை விரித்து, அதற்கு மேலே ஆவி பறக்கும் புட்டைக் கொட்டினார். இரும்புக் கொளுக்கிகளைச் சம்பல் டப்பாவுக்குள் புதைத்தார்.

"ஐயோ, அந்தக் கொளுக்கியின்ரை விலை தெரியுமே அத்தான்!"

"உன்ரை விலை எனக்குத் தெரியும். காரிலை ஏறு."

பழைய மொறிஸ் மைனர் திகனவைத் தாண்டி மலையேறத் தொடங்கியபோது, வளைவில் ஒரு சோதனைச் சாவடி. சிப்பாய் ஒருவன் எட்டிப் பார்த்தான். பானையைக் காட்டி, "மே மொகத?" என்றான், இது என்னவென்று.

"சாப்பாடு," என்றார் விவேகானந்தன் நல்ல சிங்களத்தில்.

சிப்பாய் மூடியைத் திறந்தான். தேங்காய்ப்பூப் புட்டின் வாசம் அடித்தது. காலையில் அவன் என்ன சாப்பிட்டானோ, பாவம், சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளினான். புட்டோடு இலை வந்தது. இலையோடு நீலக்கயிறு ஒன்று தலையை நீட்டியது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இது என்ன?"

"மாடு கட்டுற கயிறு."

"மாடு எங்கே?"

"வீட்டில்."

"மாடு வீட்டில், கயிறு புட்டிலா?"

விவேகானந்தன் வாயைத் திறப்பதற்குள் சிப்பாய் சம்பல் டப்பாவையும் கிளறினான். மிளகாய் பூசிய கொளுக்கிகள் ஒவ்வொன்றாக வந்தன.

"இது?"

"அதுவும்... மாட்டுக்குத்தான். கழுத்தில் கொளுவ."

சிப்பாய் பின் சீற்றில் இருந்த தலைக்கவசம் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "அப்படியென்றால் இது? மாட்டின் தலைக்கா?"

பாலேந்திரன் குபீரென்று சிரித்துவிட்டான். சிரிக்கிற நேரமா அது? சிப்பாய் விசில் ஊதினான். ஐந்தாறு பேர் ஓடி வந்து காரைச் சுற்றி நின்றார்கள். இருபது வருடமாகக் கந்தோரில் பேசிவந்த சிங்களம் அந்தக் கணமே விவேகானந்தனைக் கைவிட்டு ஓடியது. நாக்கில் தமிழே ஒழுங்காக வரவில்லை.

தமிழ் தெரிந்தவர் என்று கோப்ரல் நஸீமைக் கூட்டி வந்தார்கள். அக்குறணைக்காரர், நாற்பது வயதிருக்கும், சாந்தமான முகம்.

"பயப்புடாம சொல்லுங்க ஐயா. இதெல்லாம் என்னத்துக்கு?"

"அது... கோயில் தேர் இழுக்கிற..."

"இஞ்சருங்கோ, காணும்!" மங்களேஸ்வரி காரைவிட்டு இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "கோப்ரல், நான் பள்ளிக்கூட டீச்சர், உள்ளதைச் சொல்லுறன். இவர் சொன்னது எல்லாம் பொய். பயத்திலை சொன்ன பொய். இது நீர்வீழ்ச்சியிலை கயித்தைப் பிடிச்சு இறங்கிற சாமான். தம்பி சுவிஸிலை இருந்து கொண்டு வந்தவன். ஆசைக்கு ஒருக்கால் இறங்கிப் பாக்க வந்தனாங்கள்."

உண்மையைக் கேட்டதும் விவேகானந்தனுக்கே அது நம்பமுடியாத பொய்யாகத் தெரிந்தது. நஸீம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கூடாரத்துக்குள் ஓடினார். உள்ளேயிருந்து கப்டன் வந்தார்.

கப்டன் கயிற்றைக் கையில் எடுத்தார். தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு எல்லாச் சிப்பாய்களையும் கிட்ட வரச் சொன்னார். சரி, வளைத்துவிட்டார்கள் என்று விவேகானந்தன் நினைத்தார்.

கேள்விகள் தொடங்கின. கப்டன் கேட்க, நஸீம் தமிழாக்கினார்.

"இந்தக் கொளுக்கி எங்க மாட்டுறது?"

"இடுப்பு வாரிலை," என்றான் பாலேந்திரன்.

"எட்டு மாதிரி வளைஞ்ச இந்த இரும்பு?"

"அதுக்குள்ளாலை கயித்தை விட்டால் இறுக்கிப் பிடிக்கும். விடுற அளவுக்குத்தான் இறங்கலாம்."

"முடிச்சு எப்படி? இன்னொருக்கா. மெதுவா."

பாலேந்திரன் முடிச்சுப் போட்டுக் காட்டினான். இரண்டு சிப்பாய்கள் அவன் சொன்னதை உதட்டுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் பாடமாக்குகிறார்கள் என்பது விவேகானந்தனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஒண்டும் தெரியாத ஆளுக்கு இதப் பழக்க எவ்வளவு நேரம் புடிக்கும்?"

"ஒரு மணித்தியாலம் காணும்," என்றான் அந்த மடையன் பெருமையோடு. "ஒரு நாளிலை ஐம்பது பேரையும் பழக்குவன்."

போச்சு! விவேகானந்தன் கண்ணை மூடிக்கொண்டார். மலைக்குள்ளே ஐம்பது பேரைப் பழக்குவேன் என்று ஆமிக் கப்டனிடம் எந்தத் தமிழனாவது சொல்வானா? கண்ணைத் திறந்தபோது கப்டனின் முகம் வெளிச்சமாக இருந்தது. பெரிய வழக்குப் பிடிபட்டுவிட்ட சந்தோஷம் போல.

"செஞ்சு காட்டட்டுமாம்," என்றார் நஸீம். "இப்பவே."

காருக்கு முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ட்ரக் என்று நீர்வீழ்ச்சிக்குப் போனார்கள். தண்ணீர் பாறையில் மோதி வெள்ளைப் புகையாய் எழும்பியது. உச்சியில் நின்று கீழே பார்த்த விவேகானந்தனுக்குத் தலை சுற்றியது. கீழே நின்ற ஆட்கள் அரிசிமணி அளவுதான் தெரிந்தார்கள்.

பாலேந்திரன் இரண்டு கயிற்றையும் மரங்களில் கட்டினான். நீலம் இறங்குவதற்கு, சிவப்பு காவலுக்கு. "நான் இறங்கிறன்," என்றான்.

கப்டன் தலையை ஆட்டினார். நஸீம் சொன்னார்: "இவருக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆள் எறங்கணுமாம். ஐயா, நீங்க."

"நானோ?"

பொய்யென்று தெரிந்தால் மைத்துனனைக் கொண்டுபோவார்கள். மெய்யென்று காட்ட வேண்டுமானால் இந்தப் பாறையில் இறங்க வேண்டும். விவேகானந்தன் இறங்கத்தான் நினைத்தார். கால் கேட்கவில்லை. பக்கத்து மரத்தைக் கட்டிப் பிடித்தபடி ஈரப் பாறையில் குந்திவிட்டார்.

"நான் இறங்கிறன்," என்றாள் மங்களேஸ்வரி.

"உமக்கென்ன விசரே!"

"எனக்கும் ஒண்டும் தெரியாதுதானே. அவருக்கு அதுதானே வேணும்?"

அவள் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்த் தம்பியின் மாற்றுக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டி, அதன் மேல் வாரை மாட்டினாள். கொண்டைக்கு மேல் தலைக்கவசம் ஏறவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக்கொண்டாள்.

"அக்கா, வலது கை இடுப்புக்குப் பின்னாலை. அதை மட்டும் விடக்கூடாது. காலை அகட்டி வையுங்கோ. கதிரையிலை இருக்கிற மாதிரிப் பின்னுக்குச் சாயுங்கோ."

"ஓம், வாறன் பிள்ளையாரே," என்று சொல்லிவிட்டு அவள் பின்னுக்குச் சாய்ந்தாள்.

விவேகானந்தன் தவழ்ந்து விளிம்புக்குப் போய்ப் பார்த்தார். அவள் பாறையில் நடந்துகொண்டிருந்தாள்! கரும்பலகைக்கு முன்னால் நடக்கிறவள் போல அவசரமில்லாமல், ஒவ்வோர் அடியாக. தண்ணீர் தோளில் கொட்டியது. ஓரிடத்தில் கால் சறுக்கிப் பாறையோடு மோதினாள். இவருக்கு உயிர் போய் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி காலை ஊன்றினாள். நடுவழியில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள். அம்மாடி, இப்படியொரு பொம்பிளையோடா நான் இருபது வருடம் தேங்காய் விலைக்குச் சண்டை பிடித்தேன் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவள் கீழே கால் வைத்ததும் சிப்பாய்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கப்டனும் தட்டினார். விவேகானந்தன் தன்னையறியாமல் அவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

"சரி. இப்ப ஐயா," என்றார் நஸீம்.

"இன்னும் நம்பிக்கை இல்லையோ?"

"பயந்த ஆளும் எறங்கேலுமா எண்டு சேருக்குப் பாக்கணுமாம்."

மனைவி கீழே நிற்கிறாள். இனி மேலே இருந்தால் அவர் ஆம்பிளையா? மைத்துனன் வாரைக் கயிற்றில் மேலே இழுத்தெடுத்து அவருக்கு மாட்டினான். எட்டு இரும்பில் இன்னும் சம்பல் வாசம் அடித்தது. விவேகானந்தன் நல்லூர்க் கந்தனில் தொடங்கித் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தார்.

கால் பாறையில் ஒட்டியது! ஒரு அடி, இன்னொரு அடி. குளிர்ந்த தண்ணீர் முதுகில் அடித்தபோது, அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு சந்தோஷம் கிளம்பியது. பெரிய மலை, பெரிய தண்ணீர், நடுவில் பிரதம லிகிதர் விவேகானந்தன். கந்தோரில் சொன்னால் எவன் நம்புவான்?

அந்த நேரம் கப்டன் விளிம்பில் நின்று ஏதோ கத்தினார். நஸீமும் கத்தினார்: "ஐயா! நில்லுங்க! கை எங்க? கைய நல்லாக் காட்டட்டுமாம்!"

சீருடைக்காரர் நில் என்று கத்தி, கையைக் காட்டு என்றால் ஒரு தமிழன் என்ன செய்வான்? விவேகானந்தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

கயிறு விர்ரென்று ஓடியது. "அம்மாளாச்சி!" என்ற குரலும் அதோடு கீழே போனது. நல்ல காலம், பாலேந்திரன் சிவப்புக் கயிற்றை விடவில்லை. விவேகானந்தன் நடுத் தண்ணீரில், கைகள் இரண்டும் மேலே இருந்தபடி, குறுக்காகத் தொங்கினார்.

"இஞ்சருங்கோ! கையை இறக்குங்கோ! ஒருத்தரும் சுடமாட்டினம்!" என்று கீழேயிருந்து மங்களேஸ்வரி கத்தினாள். "வலது கை பின்னுக்கு! நான் நிக்கிறன், பயப்படாமல் வாங்கோ!"

அவள் நிற்கிறாள் என்றதும் கை தானாகக் கயிற்றைத் தேடிப் பிடித்தது. சறுக்கி, மோதி, மூக்கால் தண்ணீர் குடித்து, ஒருவாறு கீழே வந்து சேர்ந்தார். மங்களேஸ்வரி எல்லோருக்கும் முன்னால் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றுப் பாதையால் கப்டனும் பாலேந்திரனும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். விவேகானந்தன் நனைந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கப்டன் அதைப் பார்க்கவேயில்லை. நஸீமின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

விவேகானந்தன் நஸீமின் கையைப் பிடித்தார். "தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. எங்கடை பெடியனைக் கொண்டுபோகப் போறியளோ?"

நஸீம் கப்டனின் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அட, கொண்டுபோறதா? நாளைக்குப் பின்னேரம் பெரிய சேர் வாறார் ஐயா, அவருக்கு முன்னால நாங்க அம்புட்டுப் பேரும் இதால கயித்தில எறங்கிக் காட்டணும், எங்கள்ள ஒருத்தனுக்கும் எறங்கத் தெரியா. நேராக் கேக்க சேருக்கு வெக்கமா இரிக்கி, அதான் தம்பியோட சேந்து எங்களுக்குப் பழக்க டீச்சருக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு போடேலுமா எண்டு என்னயக் கேக்கச் சொன்னார்."