பலன் பாராதவருக்கு அரை மணி முன்னதாக

செய்த வேலைக்குக் கூலி கேட்பவர் ஒரு ரகம். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர் இன்னொரு ரகம். அவர் அபூர்வம், அவரைப் பற்றி எழுத எனக்கு விஷயம் போதாது. இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது மூன்றாவது ரகத்தை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்திலேயே நிற்பவர். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார்.

இவரை எங்கே பார்க்கலாம்? தேடி அலைய வேண்டாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் நிதி திரட்டுகிறார்கள் என்றால் மூக்கில் வியர்த்து முதல் ஆளாக வந்து நிற்பார். கழுத்தில் 'தன்னார்வப் பெற்றோர்' என்று அச்சடித்த அட்டை தொங்கும். அந்த அட்டையை அவர் காய்கறிக் கடையிலும் கழற்றமாட்டார், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து படுத்திருக்கும்போதும் கழற்றமாட்டார். ஒரு நாற்காலியைக் கூடத்திலிருந்து சாமான் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னால், சாமான் அறை கிழக்கே இருக்க, மேற்கே நடந்து, தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நாற்காலியை இறக்கி, நெற்றியைத் துடைத்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, பெருமூச்சு விட்டு, மறுபடி தூக்கிக்கொண்டுதான் கிழக்கே போவார். உள்ளே தலைமை ஆசிரியை இல்லையென்றால்? வரும்வரை நாற்காலியும் இருக்கும், அவரும் இருப்பார்.

எங்கள் பள்ளியின் பிரதிநிதி ஒரு டைல்ஸ் கடைக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பிரதிபலன்'. "பிரதிபலன் எதிர்பார்க்காம செய்யறோம்" என்ற வாக்கியம் இல்லாமல் அவரால் மணி என்ன என்றுகூடச் சொல்ல முடியாது. நான் யார் என்று கேட்கிறீர்களா? கண்ணாடிக் கடையில் பிறர் கண்களைச் சோதித்துப் பிழைப்பவன். அதே பள்ளியில் என் மகனும் படிக்கிறான். இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நூலகத்தின் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்ய, வீடுகளில் கிடக்கும் பழைய பொருள்களைச் சேகரித்து ஒரு விற்பனை நடத்தலாம் என்று பள்ளி முடிவு செய்தது. சாமான்கள் குவிந்தன. மேசை விளக்கு, தையல் இயந்திரம், சூட்கேஸ், பாதி கழன்ற பொம்மைகள், மூட்டை மூட்டையாகத் துணிகள், ஒரு நீல நிறச் சிறுவர் சைக்கிள். கூடத்தின் வாசலில் தலைமை ஆசிரியை ஒரு நீள நோட்டை வைத்தார். உள்ளே வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அவ்வளவுதான் அந்த அம்மாள் நினைத்தது. பாவம், நல்ல மனுஷி.

இரண்டே நாளில் அந்த நோட்டு புண்ணியக் கணக்காகிவிட்டது. யார் எத்தனை மணி நேரம் என்று ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். நேரத்துக்குப் பக்கத்தில் காரணமும் எழுதத் தொடங்கினார்கள். 'மேசை நகர்த்தல், ஒன்றரை மணி.' 'குழுச் செய்திகளுக்குப் பதில் அனுப்பியது, இரண்டு மணி.' பிரதிபலன் ஒருநாள் கைகட்டி ஜன்னலோரம் நின்றுவிட்டுப் போகும்போது எழுதினார்: 'யோசனை, மூன்று மணி.' அதற்கும் கையெழுத்துப் போட்டார். அடியில் கோடும் போட்டார்.

நோட்டில் இல்லாத ஒருத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. வந்து சேர்ந்த துணி மூட்டைகள் அடித்த நாற்றத்தில் தன்னார்வப் பெற்றோர் எல்லோரும் ஜன்னலைத் திறந்துவிட்டு 'யோசனை' செய்துகொண்டிருந்தபோது, இந்த அம்மா வந்து பார்த்து, "குடுங்க, நான் வீட்ல துவைச்சுக் கொண்டாறேன்" என்று சொல்லி, இரண்டிரண்டு மூட்டையாக எடுத்துப்போய், துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, கடையில் வாங்கியது போல மடித்துக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பதினோரு மூட்டை. கூடத்துக்குள் நுழையவில்லை, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டிருக்கும். நுழையாதவர் எங்கே கையெழுத்துப் போடுவது?

கடைசி மூட்டையைக் கொண்டுவந்த அன்று மகளும் கூட வந்திருந்தாள். நாலாம் வகுப்பு. பள்ளி வேன் அவர்கள் பக்கம் போவதில்லை. அம்மா விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் தினமும் முக்கால் மணி நேரம் தனியாக நடந்து வருகிற குழந்தை. வாசலில் நின்றபடியே அவள் அந்த நீல சைக்கிளைப் பார்த்துவிட்டாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"டீச்சர், அது விக்கிறதுக்கா?"

"ஆமாம்மா. சனிக்கிழமை பத்து மணிக்கு அம்மாவோட வா, வாங்கிக்கலாம்" என்றார் தலைமை ஆசிரியை.

வியாழக்கிழமை ஒரு கூட்டம் நடந்தது. பொருள்: தொண்டு செய்யும் பெற்றோருக்கு ஏதாவது கைம்மாறு செய்வது முறையா? எல்லோருக்கும் ஒரு நன்றிக் கடிதம் கொடுக்கலாம் என்றார் தலைமை ஆசிரியை. கூட்டத்தில் ஓர் அமைதி நிலவியது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனால் நிலவுமே, அந்த மாதிரி அமைதி.

பிரதிபலன் எழுந்தார். "மேடம், எனக்கு ஒண்ணும் வேணாம். பிரதிபலன் எதிர்பார்த்து நான் என்னைக்கும் எதுவும் செஞ்சதில்ல."

"ரொம்ப சந்தோஷம்" என்று தலைமை ஆசிரியை காகிதத்தை மடிக்கப் பார்த்தார்.

"ஆனா மத்தவங்க மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல? அவங்க சோர்ந்துடக் கூடாது பாருங்க. எனக்காகக் கேக்கலை."

மற்றவர்கள் எழுந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் வேண்டாமாம். அவர்களும் மற்றவர்களுக்காகத்தான் கேட்டார்கள். நாற்பது பேர் இருந்த கூட்டத்தில் தனக்கென்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் மீதி முப்பத்தொன்பது பேருக்காக உருகினார்கள். பரிசு தரலாமா? சே, தொண்டுக்குப் பரிசா, அசிங்கம். சலுகை? அதுவும் ஒரு மாதிரி இருக்கிறது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் ஒரு அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார். "பரிசும் வேணாம், சலுகையும் வேணாம். ஒரு வசதி மட்டும் பண்ணிக் குடுங்க. நெரிசல்ல நாங்களும் மாட்டிக்காம, அரை மணி முன்னாடி உள்ள வந்து பார்த்துக்கறோம்."

வசதி! எப்பேர்ப்பட்ட சொல்! எல்லோர் முகமும் மலர்ந்தது. நோட்டில் ஐந்து மணி நேரம் உள்ளவர்கள் ஒன்பதரைக்கு வரலாம், வேண்டியதில் 'ஒதுக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. சிலருக்கு ஐந்து மணி நேரம் தேறவில்லை. அதற்கென்ன, இந்தக் கூட்டத்தையே இரண்டு மணி நேரத் தொண்டாக எழுதிக்கொண்டார்கள். தனக்குக் கைம்மாறு வேண்டுமா என்று தானே உட்கார்ந்து முடிவு செய்த நேரத்துக்கும் கைம்மாறு வாங்கிய கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கூடத்தைத் திறந்தார்கள். நாற்பது பேர். பிறகு என்ன நடந்தது என்று விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் விவரிக்கிறேன். தையல் இயந்திரத்தின் தலையை ஒருவர் பிடித்தார், மிதிபலகையை இன்னொருவர் பிடித்தார், இருவரும் 'நீங்க எடுத்துக்குங்க' என்று சொல்லிக்கொண்டே விடாமல் இழுத்தார்கள். இஸ்திரி போட்ட துணிகளை மடிப்புக் கலையாமல் அடுக்கு அடுக்காக அள்ளினார்கள். பிரதிபலன் மேசை விளக்கு இரண்டு, சூட்கேஸ் ஒன்று, அப்புறம் அவருக்கே என்னவென்று தெரியாத ஒரு இயந்திரம், எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினார். "நம்ம ஸ்கூலுக்குத்தானே போகுது காசு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டார். விலை வைத்ததும் அவர்களே என்பதால் அந்தக் காசு பள்ளிக்கு ஒரு சுமையாக இருக்கவில்லை.

பத்து மணிக்கு வெளிக்கதவைத் திறந்தார்கள். வாங்க வந்தவர்கள் எத்தனை பேர்? ஏழு. வாங்கக்கூடிய பெற்றோரெல்லாம் தொண்டர்களாக உள்ளே இருக்கும்போது வெளியே வேறு யார் நிற்பார்கள்? விற்க மிச்சமிருந்தவை: ஜோடி இல்லாத ஷூக்கள், மூடி இல்லாத டப்பாக்கள், போன வருஷத்து டைரி.

அந்த ஏழு பேரில் சலவைப் பிரிவு அம்மாவும் மகளும் இருந்தார்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். குழந்தை நேராக ஓடிப்போய் சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்தாள். அப்புறம்தான் கைப்பிடியில் இருந்த சீட்டைப் படித்தாள்.

"சார், இந்த சைக்கிள்..." என்றார் அம்மா.

"அது ஒதுக்கியாச்சும்மா. தொண்டு செஞ்சவங்களுக்கு" என்றார் பிரதிபலன்.

"நானும் துணியெல்லாம் துவைச்சுக் குடுத்தேனே சார்?"

பிரதிபலன் கெட்டவர் இல்லை. நியாயமானவர். அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவே. நோட்டை எடுத்து, எச்சில் தொட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினார்.

"உங்க கையெழுத்தே இல்லையேம்மா."

"நான் வீட்லதானே சார் துவைச்சேன்."

"அதாம்மா. அது உதவி. நாங்க செய்யறது தொண்டு."

அந்த அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. பக்கத்தில் ஒருவர் கையிலிருந்து நழுவிய சட்டையை எடுத்து, உதறி, மடிப்பு மாறாமல் மடித்து, அவரிடமே கொடுத்தார். பிறகு மகளின் தோளைத் தொட்டு, "வா, போலாம்" என்றார். குழந்தை கதவுவரை போய், "செயினுக்கு எண்ணெய் போடணும்னு அவங்ககிட்டச் சொல்லும்மா" என்றாள். நான் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நூலகத்தில் இப்போது புது டியூப்லைட் எரிகிறது. வசூல் அதற்குத்தான் போதுமானதாக இருந்தது. கூரை ஒழுகுவது முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. இந்த வருஷமும் விற்பனை உண்டு. துணி மூட்டைகள் வந்துவிட்டன, நாற்றமும் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். "பாத்தீங்களா? இந்தக் காலத்துல யாருக்குமே சேவை மனப்பான்மை இல்ல" என்று பிரதிபலன் என்னிடம் வருத்தப்பட்டார். நான் தலையாட்டினேன்.

ஏன் தலையாட்டினேன் என்றா கேட்கிறீர்கள்? இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன் என்றேனே, இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அந்த நோட்டில் என் பெயரும் இருக்கிறது. ஏணி பிடித்தது, மூன்று மணி. கூட்டம், இரண்டு மணி. ஆக ஐந்து. ஒன்பதரைக்கு உள்ளே போனேன். எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் மட்டும் வெறுங்கையோடு நின்றால் நன்றாகவா இருக்கும்? கைக்கு எட்டியதில் ஒரு சீட்டை ஒட்டினேன். அது நீலமாக இருந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அந்தச் சீட்டைக் கிழித்திருக்க எனக்கு ஆறு வினாடி போதும். அந்த ஆறு வினாடியை எந்த நோட்டில் எழுதுவது? வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "பையன்கிட்டதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. இது யாருக்கு?" "நான் கேக்கலை. குடுத்தாங்க" என்றேன். சைக்கிள் பால்கனியில் நிற்கிறது. செயினுக்கு இன்னும் எண்ணெய் போடவில்லை.

பிரதிபலனைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், நானும் கவனித்தேன். இப்போது கொஞ்சம் எழுந்து உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாருங்கள். ஏதோ ஒரு சங்கம் தன் பெயரை அச்சடித்துச் சும்மா கொடுத்த குடை ஒன்று மாட்டியிருக்கும். அது தீர்ந்துபோனதால் கிடைக்காமல் அன்று நனைந்துகொண்டு போனவர் யார் என்று உங்களுக்கு நினைவிருக்காது. விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், நீங்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். நம்மில் யாரும் கேட்பதில்லை.