சகலையின் கிட்டார் முதுகு

சகலையின் புதுக் கிட்டாரைத் திருப்பிப் பார்த்த தடிக்கம்பிக்கு உயிரே போய்விட்டது. பளிங்கு மாதிரி இருக்க வேண்டிய முதுகில், சரியாகப் பெல்ட் பக்கிள் படும் இடத்தில், நான்கைந்து கீறல்கள்!

"போச்சுடா சாமி" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

கச்சேரிக் குழுவில் இருபது வருஷமாக பேஸ் கிட்டார் வாசிப்பதால் வந்த பெயர் தடிக்கம்பி. நான்கு தடித்த கம்பிகள், அடிவயிற்றிலிருந்து வரும் 'டும் டும்' சத்தம். வாசிக்கும்போது ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்பார்கள். அவருடையது கடையில் வாங்கிய பழைய சரக்கு. பெல்ட் உரசி உரசி அதன் முதுகு முழுக்கத் தழும்பு.

சகலையோ பல் டாக்டர். அவரும் பேஸ் வாசிக்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கிட்டார் செய்பவரிடம் கையை நீட்டி அளவு கொடுத்து, மரத்தைத் தானே பொறுக்கி எடுத்து, தனக்கென்றே ஒன்றை இழைத்து வாங்கிவிட்டார்.

"பொறாமையா?" என்று சகலை வீட்டுக்கு வரும் வழியிலேயே மனைவி கேட்டிருந்தாள்.

"எனக்கா? சேச்சே!"

"வயிறு எரியற வாசனை இங்க வரைக்கும் வருதே."

சாப்பாட்டுக்கு முன் சகலையைக் கீழே கிளினிக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யாருக்கோ கடவாய்ப்பல் வலியாம். அக்காவும் தங்கையும் சமையலறையில். தடிக்கம்பி கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டினார். கழுத்துப் பகுதி கைக்குள் வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. ஒரு கம்பியைத் தட்டினார். நெஞ்செலும்பு வரை அதிர்ந்தது. 'அடப்பாவி! இந்தப் பல்லுப்பிடுங்கிக்கு இது ஒரு கேடா?' என்று கண்ணே கலங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் திருப்பிப் பார்த்தார். நம்ம பக்கிள் வேலைதான் இது. சகலை பார்த்தால் என்ன நினைப்பார்? 'பொறாமையில வேணும்னே கீறிட்டான்' என்று குடும்பமே பேசும். மனைவியே முதல் சாட்சி சொல்லுவாள்.

பல் டாக்டர் வீட்டில் பேஸ்ட்டுக்கா பஞ்சம்? கைக்குட்டையில் பிதுக்கித் தேய்த்தார். கீறல்கள் மறைந்தே போயின! ஆனால் அந்த இடம் மட்டும் தட்டு அகலத்துக்குப் பளபளவென்று மின்னியது. அதன் பக்கத்தில் மற்ற இடமெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

சரி, முதுகு முழுவதையும் தேய்த்துவிட்டால் ஒரே மாதிரி ஆகிவிடுமே. தேய்த்தார். பேஸ்ட் டியூப் முழுக்கக் காலி. கிட்டாரிலிருந்து புதினா வாசனை குப்பென்று அடித்தது. துடைத்துப் பார்த்தால், மூலையில் கிட்டார் செய்தவர் மையால் போட்டிருந்த கையெழுத்தையும் காணோம்.

"அத்தான், சாப்பிட வாங்க!" என்று மச்சினி குரல் கொடுத்தாள்.

"இதோ வந்துட்டேன்மா!"

அந்தக் கையெழுத்தைத் தானே திரும்பப் போட்டுவிடலாம் என்று மேஜையில் கிடந்த பேனாவைப் பிடுங்கினார். அவசரத்தில் கை தன் பழக்கத்தில் ஓடிவிட்டது. எழுதி முடித்துப் பார்த்தால், அது அவருடைய சொந்தக் கையெழுத்து. அடியில் தேதி வேறு.

அதே நேரம் பார்த்து சகலை உள்ளே நுழைந்தார். கிட்டாரை வாங்கினார், முகர்ந்தார், திருப்பினார். முகம் வெளுத்துவிட்டது.

"எங்க சகல அது?" என்றார், அழாத குறையாக.

"எது?"

"முதுகுல இருந்த கீறல்!"

"நீங்க... நடுவுல வந்து பாத்துட்டீங்களா? மன்னிச்சிடுங்க சகல. என் பக்கிள்தான் பட்டுடுச்சு. பொறாமைதான், இல்லேங்கல. ஆனா சத்தியமா வேணும்னு செய்யல."

சகலை நாற்காலியில் சாய்ந்தார். தண்ணீர்ச் செம்போடு வந்த மச்சினி கிட்டாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அத்தான், அது அவரே பெல்ட்டைப் போட்டு மாசக்கணக்கா உரசி வரவச்ச கீறல்! உங்க கிட்டார்ல இருக்கற மாதிரி தழும்பு தனக்கு இல்லையேன்னு மனுஷனுக்கு அப்படி ஒரு வயித்தெரிச்சல்!"