கொடிகாமத்தில் இறங்கிய இருதயம்

புத்தூர் கிழக்கு,
வெங்காயம் பிடுங்கி முடிந்த கிழமை.

என்றென்றும் அன்புக்குரிய மகன் சிவரூபனுக்கு,

அப்பா சீவரத்தினம் அன்போடும் ஓரளவு வெட்கத்தோடும் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் புத்தூரில் இருக்கும் என்னுடைய நலம் எனக்குத் தெரியவர முந்தியே நோர்வேயில் இருக்கும் உனக்குத் தெரிந்துவிடுவதால், அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் மருமகள் ஆரபியும் அந்த ஊர் மழையில் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

கடிதம் எதற்கு, தொலைபேசியில் சொல்லலாமே என்று நினைப்பாய். சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்ததும் நெஞ்சு படபடக்கிறது, நெஞ்சு படபடத்ததும் என் துடிப்பை அளக்க நீ அனுப்பிய கைமணிக்கூடு கத்துகிறது, மணிக்கூடு கத்தியதும் "அப்பா, கதைக்காமல் போய்ப் படுங்கோ" என்று நீ வைத்துவிடுகிறாய். நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எதையும் எழுத்தில் வைத்தால்தான் எனக்குத் திருப்தி. ஆகவே, மேற்படி இருதயம் தொடர்பாக நடந்தவற்றை முறையாக விளக்கி, கொழும்புக்கென்று வெளிக்கிட்டுக் கொழும்புக்குப் போகாமல் திரும்பியதற்கு மனம் வருந்தி, அந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம் என்பதையும் இத்தால் அறியத்தருகிறேன்.

இது தொடங்கியது கோயில் கொடியேற்றத்தன்று சுவாமி காவும்போது. இளந்தாரிகளுக்கு முன்னால் குறைந்துபோகக் கூடாது என்று முன்பக்கம் தோள் கொடுத்தேன். தெற்கு வீதியில் திரும்பியதும் நெஞ்சுக்குள்ளே யாரோ ஒரு கோழியைப் பிடித்து அடைத்தது போல இருந்தது. சிறகடிக்கிறது, நிற்கிறது, ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடியும் அடிக்கிறது. என் தோள் தாழ்ந்துவிட்டது. பிள்ளையார் என் பக்கமாகச் சரிய, ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று கத்தும்படி ஆகிவிட்டது. வாய்வு என்று நினைத்து உள்ளிப்பூடு சுட்டுத் தின்றேன், சோடா குடித்தேன், உன் தாயார் அவித்துத் தந்த மல்லித் தண்ணீரும் குடித்தேன். கோழி போகவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த சின்ன வயது டொக்டர் பிள்ளை அந்தக் கடதாசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஐயா, உங்கடை நெஞ்சின்ரை மேல் அறை ரண்டும் அடிக்கிறதுக்குப் பதிலா நடுங்குது. ரத்தம் உள்ளுக்கை தேங்கிக் கட்டிபட்டு மூளைக்குப் போச்சுதெண்டால் கை கால் விழுந்து பாரிசவாதம் வந்திடும். ரத்தம் இளக்கிற குளிசை தாறன், ஒரு நாளும் விடக்கூடாது."

அந்த வருத்தத்துக்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று பெயர். பாடமாக்கி வைத்திருக்கிறேன். சந்தையில் ஒருவருக்குச் சொன்னேன், "அது எந்த நாட்டிலை, மகன் இப்ப அங்கையோ இருக்கிறார்?" என்று கேட்டார். விடயத்துக்கு வருகிறேன். அப்லேஷன் என்று ஒரு சிகிச்சை இருப்பதையும் அந்தப் பிள்ளை அன்றைக்கே சொன்னார். தொடை நரம்பால் மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சு வரைக்கும் விட்டு, பிழையான மின்சாரம் கிளம்புகிற இடங்களைச் சுட்டு அடைக்கிறார்களாம். "கெதியிலை செய்தால் நல்லம் ஐயா, பிந்தப் பிந்தப் பலன் குறையும்" என்றார். வெங்காயம் பிடுங்கட்டும் என்றேன். பிறகு திருவிழா முடியட்டும் என்றேன். பிறகு மழை விடட்டும் என்றேன். மழை விட்டது, அடுத்த வெங்காயமும் நட்டாயிற்று. அன்றைக்கே ஓம் என்றிருக்கலாம், தம்பி. இப்போது கிணற்றடியிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஒருதரம் நின்று, மாமரத்தைப் பார்ப்பவன்போல் நடித்து மூச்சு வாங்குகிறேன். மரத்தில் காய் இல்லாத காலத்திலும் பார்க்கிறேன். சுவாமி காவும்போது எனக்கு இப்போது குடை பிடிக்கிற வேலை. அதையும் யாராவது வந்து வாங்கிப் பிடித்துவிடுகிறார்கள்.

குளிசையால் வந்த கரைச்சல் வேறு. சலூனில் சவரம் செய்யும்போது நாடியில் சின்னக் கீறல் பட்டது. இரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அமத்தியபடியே சலூன்காரப் பெடியன் அழத் தொடங்கிவிட்டான். அவனை ஆறுதல் சொல்லி இருத்திவிட்டு நான் ஒரு பாதித் தாடியோடு வீட்டுக்கு வந்தேன். குளிசை சரியாக வேலை செய்ய, கீரையை ஒரு நாள் கூடுதலாக, ஒரு நாள் குறைவாகச் சாப்பிடக்கூடாது, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதற்காக, உன் தாயார் முருங்கையிலையைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து போடுகிறார். சங்கத்தில் கூப்பன் அரிசியைக்கூட நான் அவ்வளவு கறாராக அளந்ததில்லை.

பிறகு, அப்லேஷனுக்கு முதல் இதைச் செய்து பார்ப்போம் என்று ஆஸ்பத்திரியில் மயக்கிவிட்டு நெஞ்சுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். கண் விழித்தபோது நெஞ்சு பழையபடி ஒழுங்காக அடித்தது. அந்த அமைதியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வீட்டில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பம்பை யாரோ நிறுத்தியதுபோல் இருந்தது. நான் அன்றைக்கு நடந்தே சந்தி வரைக்கும் போய் வந்தேன். ஆட்டோ ஓட்டுகிற நம்முடைய வின்சன்ற், "சீவரத்தினம் அண்ணைக்குச் சுன்னாகம் பவர் ஸ்ரேசனிலையிருந்து நேர லைன் குடுத்திருக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அந்தச் சந்தோசம் அந்த மாதத்தைத் தாண்டவில்லை. ஒரு செத்தவீட்டில் ஆட்கள் இருக்கக் கதிரை தூக்கி வைக்கக் குனிந்தேன். கோழி திரும்பி வந்துவிட்டது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் நீ மணிக்கூட்டை அனுப்பினாய். நல்ல எண்ணத்தோடு அனுப்பினாய், குறை சொல்லவில்லை. ஆனால் என் நெஞ்சு துள்ளினால் உனக்கும் சேதி வரும்படி நீ எதையோ அழுத்தி வைத்தாயே, அதன் பிறகு நான் ஒரு மனுசனோடு மனம்விட்டுச் சண்டை போட முடியவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காய விலைக்காக வியாபாரியோடு வாய்த்தர்க்கம் முற்றிய நேரம் உன் அழைப்பு வந்தது. நான் தடுமாறி ஸ்பீக்கர் பொத்தானை அமத்திவிட்டேன்.

"அப்பா, நெஞ்சு கண்டபடி ஓடுது! ஆரோடை சண்டை பிடிக்கிறியள்? உடனை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி விழுந்திடுவியள்!"

சந்தையே கேட்டது. வியாபாரி பயந்து நான் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். கமக்காரர் பத்துப் பேருக்கு முன்னால் என் பேச்சுத் திறமையால் கிடைத்திருக்க வேண்டிய வெற்றி, இரக்கத்தால் கிடைத்தது. அந்தப் பணத்தில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

இனிக் கொழும்புப் பயணம். நீ அங்கிருந்தபடியே அப்லேஷன் செய்யும் நிபுணரோடு கதைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலும் திகதியும் ஒழுங்கு பண்ணினாய். உன் தாயார் ஸ்கான் படங்கள், குளிசைப் பை, புட்டுப் பார்சல், எனக்கு உடுக்க இரண்டு சாரம் எல்லாம் கட்டினார். வின்சன்ற் சுன்னாகம் ஸ்ரேசனில் இறக்கிவிட, ரயில் ஏறினோம். யாழ்ப்பாணம் போனது, நாவற்குழி போனது, சாவகச்சேரி போனது. உன் தாயார் கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொடிகாமத்தில் வண்டி நின்றது.

"இஞ்சாரும், ஒரு தண்ணிப் போத்தில் வாங்கிக்கொண்டு வாறன்."

"கோச்சி வெளிக்கிட்டிடும், பேசாமல் இருங்கோ."

இறங்கினேன். திரும்பி ஏறுவதற்கு நேரம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கால் அசையவில்லை. ரயில் அசைந்தது. ஜன்னலில் உன் தாயாரின் முகம் முதலில் திகைத்தது, பிறகு கோபப்பட்டது, பிறகு சின்னதாகிப் போய்விட்டது. கையில் மணிக்கூடு கத்தியது. உடனே நீ அழைப்பு எடுத்தாய்.

"அப்பா, எங்கை நிக்கிறியள்?"

"கொடிகாமத்திலை, தம்பி."

"கோச்சி அங்கை நிக்குதோ?"

"இல்லை, போட்டுது."

"அப்ப அம்மா?"

"அம்மா கோச்சியிலை."

நீ ஏசுவாய் என்று காத்திருந்தேன். நீ ஏசவில்லை. "அப்பா, அந்த ஸ்ரேசன் வாங்கிலை போய் இருங்கோ. அம்மா வரும்வரைக்கும் நான் வைக்கமாட்டன்" என்றாய். அன்றைக்கு பஸ் ஓட்டப் போகாமல் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாய். மலைப் பாதையில் பனியில் பஸ் வழுக்கிய கதை சொன்னாய். ஆரபி கறிவேப்பிலையைச் சாடியில் வளர்த்து, அதற்கு இரண்டாவது இலை விட்டதற்குப் பால் பொங்கிய கதை சொன்னாய். நான் சிரித்தேன், தண்டவாளத்து ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது. நீ வெளிநாடு போன பிறகு நாம் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை. அது வேறு விடயம்.

உன் தாயார் அடுத்து வண்டி நின்ற பளையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். என் முன்னால் வந்து நின்று ஒரு சொல் ஏசவில்லை. பார்சலை அவிழ்த்து, "சாப்பிடுங்கோ, குளிசை போடவேணும்" என்றார். அவர் ஏசியிருந்தால் அந்தப் புட்டு தொண்டையால் இறங்கியிருக்கும்.

இனி என் முடிவு. ஒன்று, நெஞ்சைச் சுடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, ஒருதரம் செய்தவர்களில் சிலருக்கு இரண்டாம் தரமும் செய்யவேண்டி வரும் என்று நிபுணரே உன்னிடம் சொல்லியிருக்கிறார், செய்த பிறகும் குளிசையை விடமுடியாமல் போகலாமாம். மூச்சு வாங்குவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு வயதும் போய்விட்டது, இந்தக் கோழியோடு பழகியும் விட்டேன். மாமரத்தடியில் நின்று மூச்சு வாங்குவதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. நீ எடுத்த சிரமம் எல்லாம் வீணாய்ப் போனதற்காக மிகவும் வருந்துகிறேன். மேற்படி விடயம் இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது.

உன் வண்டிச் சில்லு பனியில் வழுக்காமல், உங்கள் கறிவேப்பிலை பட்டுப்போகாமல், நீங்கள் இருவரும் நிறைய நாள் ஒன்றாய்ச் சோறு உண்டு வாழ வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
உன் அன்புள்ள அப்பா,
ஆ. சீவரத்தினம்

பி.கு.: தம்பி, இது அம்மா. கொப்பர் உந்தக் கடிதத்தை ஒட்டித் தபால் கந்தோரிலை குடுக்கச் சொல்லித் தந்தவர். ஒட்ட முதல் வாசிச்சுப்போட்டன். உதிலை எழுதியிருக்கிற ஒரு காரணமும் காரணமில்லை. போத்தில் நிறையத் தண்ணி என்ரை பையுக்கை இருந்தது, அவருக்கும் தெரியும். கொடிகாமத்திலையிருந்து திரும்பி வரேக்கை பஸ்ஸுக்குள்ளை வைச்சுக் கேட்டனான், ஏனப்பா இறங்கினியள் எண்டு. "நெஞ்சு ஒழுங்கா அடிக்கத் துவங்கினால் அவன் என்னத்துக்கு எனக்குக் கோல் எடுக்கப்போறான்" எண்டுபோட்டு யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு வந்தவர். அடுத்த நாள் கொழும்புக்கு நானே எடுத்து வேறை திகதி கேட்டன், தந்திட்டினம். இந்த முறை அவர் யன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம், கதவடியிலை வின்சன்ற். நீ லீவெடுத்துக்கொண்டு நேரை கொழும்புக்கு வா. அவருக்கு இப்ப சொல்லாதை. சுகமாகினாப் பிறகும் அவருக்கு எடுத்து, அந்தப் பனிக்கதையள் மாதிரி ஏதும் சொல்லு.

இன்னுமொண்டு. போன கிழமை அந்த டொக்டர் பிள்ளை என்ரை நெஞ்சையும் ஒருக்காச் சோதிச்சவா. ஒரு குறையும் இல்லை அம்மா, நல்லா அடிக்குது எண்டவா. அதாலைதானோ தெரியேல்லை, நீ எடுக்கேக்கை எல்லாம் "அம்மா, அப்பாட்டைக் குடுங்கோ" எண்டு மட்டும்தான் சொல்லுறாய்.

பத்மாசினி