எறும்புச் சாமியும் ஒரு கரண்டி சர்க்கரையும்

டயர் கடை மாடியில் எறும்புச் சாமி எழுந்தருளிய வாரம், ஊர்ப் பூனைகளெல்லாம் கூடைக்குள் ஏறிவிட்டன. படிக்கட்டு முழுக்க ஒரே மியாவ். ஆளுக்கொரு கையில் கூடை, மறு கையில் சீசா. சீசாவில் பூனையின் சிறுநீர். பன்னீரைக்கூட யாரும் அவ்வளவு பக்குவமாகப் பிடித்திருக்க மாட்டார்கள்!

மறைப்பானேன், வரிசையில் நானும் இருந்தேன். எங்கள் பூனை தடியனுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் தீனி வைத்து, நேரம் தவறாமல் இன்சுலின் போடுவாள் என் மனைவி. ஊசியைக் கண்டால் மயக்கம் வருவது பூனைக்கல்ல, எனக்கு. “பூனைச் சர்க்கரைக்கு ஊசி வேணாம், ஒரே சிட்டிகை அருள்பொடி போதும்!” என்றார் சாமி. அவள் வெளியூர் போன இரண்டு நாளும் நான் மருந்தைத் தொடவில்லை. தடியன் துவண்டு கிடந்தான்.

எனக்கு முன்னால் நின்றவரின் சீசாவிலிருந்து சாமி தட்டில் நாலு சொட்டு விட்டார். எறும்புகள் மொய்த்தன.

“பாத்தீங்களா, சர்க்கரை!”

வேறு தட்டில் அதையே ஊற்றி, சுற்றிலும் அருள்பொடி தூவினார். வந்த எறும்பு விளிம்பிலேயே திரும்பியது.

“போயிடுச்சு!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்போது ஊரிலிருந்து திரும்பிய என் மனைவி பெட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“என்னங்க, கிளம்புங்க டாக்டர்கிட்ட.”

“அடுத்தது நாமதாம்மா...”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்து ஊழியரின் பார்வை. விறுவிறுவென்று கீழே டீக்கடைக்குப் போய் ஒரு தம்ளரோடு திரும்பினாள்.

“சாமி, இதுக்கும் அருள் பண்ணுங்க.”

ஊற்றினார். தூவினார். எறும்பு திரும்பியது.

“பரிபூரண குணம்!”

“எதுக்குச் சாமி குணம்? இது தண்ணில கலக்குன ஒரு கரண்டி சர்க்கரை!”

சொல்லிக்கொண்டே முந்தானையால் பொடியைத் துடைத்தாள். எறும்புகள் கல்யாணப் பந்திக்கு வந்ததுபோல் இறங்கின.

“அதுங்க நாத்திக எறும்பு!” என்று அலறினார் சாமி.

“யோவ், என் கடை எறும்பு மருந்து டப்பா எங்கய்யா?” என்று படியேறி வந்தார் டயர் கடைக்காரர்.

சிரிப்பில் கூடைகள் குலுங்கின. நாங்கள் சிரிக்க நிற்கவில்லை. தடியனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் திட்டியது எல்லாம் எனக்கு, மருந்து எல்லாம் அவனுக்கு. பிழைத்தான். ஊசி போட நானும் கற்றுக்கொண்டேன். இன்னும் நாலு வருஷம் சோபாவை அவன்தான் ஆண்டான்.

இப்போது அவனும் இல்லை, அவளும் இல்லை. சாமி மட்டும் வேறொரு மாடியில் சௌக்கியமாக இருக்கிறாராம், கூட்டமாம். சர்க்கரைக்கு ஆசைப்படும் எறும்புகூடப் பொடியை முகர்ந்து பார்த்துத்தான் காலை வைக்கிறது. அதைவிடப் பெரிய தலை நமக்கு எதற்கு இருக்கிறதாம்?